பஞ்சப்பள்ளிச் சாலையில் ஒரு களிக்கடை

மாரண்டஅள்ளியிலிருந்து பஞ்சப்பள்ளி சின்னாறு அணைக்குப் போகும் சாலையில், ஒரு சிற்றூரில் இருக்கிறது இந்தக் கடை. பெயர்ப்பலகை கிடையாது. ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று கடைக்கார அம்மா கேட்டுக்கொண்டதால் அதையும் விட்டுவிடுகிறேன். அவர் சொன்ன காரணம் நியாயமானது. ஞாயிற்றுக்கிழமை காரில் பத்துப் பேர் வந்து இறங்கினால், தக்காளித் தோட்டத்தில் வேலை முடித்து ஒரு மணிக்கு வருகிறவர்களுக்குக் களி இல்லாமல் போய்விடும். “வழி கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் வரட்டும், கூட்டமாக வர வேண்டாம் என்று எழுதுங்கள் அம்மா” என்றார். எழுதிவிட்டேன். மாரண்டஅள்ளி பஸ் நிறுத்தத்தில் களிக்கடை என்று கேட்டாலே கைகாட்டிவிடுவார்கள்.

நான் வேளாண்மைத் துறையில் உதவி வேளாண்மை அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவள். பாலக்கோடு, காரிமங்கலம், பென்னாகரம் என்று என் பணிக்காலத்தில் பெரும்பகுதி ராகி வயல் வரப்புகளில்தான் கழிந்தது. ஆடியில் விதைத்ததிலிருந்து கார்த்திகை, மார்கழியில் கதிர் அறுக்கிறவரை அந்தப் பயிரோடு இருந்தவளுக்கு, அது கடைசியில் தட்டில் எப்படி வந்து சேர்கிறது என்பதில் அக்கறை இல்லாமல் இருக்க முடியாது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் களிக்குக் குறைவில்லை. நல்ல களிக்குத்தான் குறை. அது இங்கே கிடைக்கிறது.

கிண்டுவதை வாசலில் நின்றே பார்க்கலாம். விறகடுப்பில் பெரிய அண்டா. தண்ணீர் கொதித்ததும் அரிசி நொய்யைப் போட்டுக் குழைய வேகவிடுகிறார்கள். பிறகு ராகி மாவை நடுவில் குவித்துக் கொட்டி, களிக்கோலின் முனையால் அந்தக் குவியலில் ஒரு குழி செய்து, கிண்டாமல் அப்படியே விட்டுவிடுகிறார்கள். பல கடைகளில் தவறிப்போவது இந்த இடத்தில்தான். கொதிநீர் அந்தக் குழி வழியாக மேலேறி மாவை உள்ளிருந்து வேகவைக்க வேண்டும். பசியோடு ஆட்கள் காத்திருக்கிறார்களே என்று அவசரப்பட்டுக் கோலைச் சுழற்றினால் மாவு கட்டிகட்டியாகச் சுருண்டு, வெளியே வெந்தும் உள்ளே பச்சையாகவும் நின்றுவிடும். இந்த அம்மா யாருக்காகவும் அவசரப்படுவதில்லை. அன்று ஒரு லாரி ஓட்டுநர், “அக்கா, பெங்களூருக்கு லோடு போக வேண்டும், சீக்கிரம்” என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். “மாவு வேக வேண்டாமா தம்பி? கூழ் இருக்கிறது, குடித்துவிட்டுக் கிளம்பு” என்று சொம்பை நீட்டினார் அம்மா. அவர் கூழைக் குடித்துவிட்டுக் களிக்கும் காத்திருந்தார்.

மாவு வெந்ததும் மிகுந்த கொதிநீரைக் கொஞ்சம் மொண்டு தனியே வைத்துக்கொள்கிறார்கள். மருமகள் அண்டாவைக் கவைக்கோலால் அழுத்திப் பிடிக்க, மாமியார் இரண்டு கைகளாலும் கிண்டுகிறார். இறுகினால் மொண்டு வைத்த நீரில் ஒரு கரண்டி. அந்த வேகத்தையும் தோள்வலுவையும் பார்த்தால் அவருக்கு அறுபது வயதைத் தாண்டிவிட்டது என்று நம்ப முடியவில்லை. கிண்டி முடித்ததும் நீர் தொட்ட மரத்தட்டில் கவிழ்த்து, சூடு ஆறுவதற்குள் உருண்டை பிடித்துத் தட்டில் வைக்கிறார். விண்டால் விரலில் ஒட்டவில்லை. நடுவில் மாவுத் திட்டு இல்லை. நொய் இருப்பது நாக்குக்குத் தெரிகிறது, பல்லில் தட்டுப்படுவதில்லை. பளபளப்பான கரும்பழுப்பு நிறம். பழகாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: களியை மெல்லாதீர்கள். சிறிதாக விண்டு, குழம்பில் நன்றாகப் புரட்டி, விழுங்குங்கள். மென்றால் வாயெல்லாம் பசையாகிக் களியின் மேல் கோபம் வரும்.

மாவைப் பற்றியும் விசாரித்தேன். பக்கத்து ஊர் விவசாயிகளிடம் அறுவடைக் காலத்திலேயே ராகியை மூட்டையாக வாங்கி வைத்துவிடுகிறார்கள். ராகியில் பூச்சி எளிதில் அண்டாது என்பதால் தானியமாக வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடுவதில்லை. அரைத்த மாவு அப்படியன்று. நாளாக ஆகக் காறல் தட்டிவிடும். இங்கே இரண்டு மூன்று நாட்களுக்குத் தேவையானதை மட்டும் மில்லில் அரைத்து, சூடு போகப் பரப்பி ஆறவிட்டுத்தான் எடுத்து வைக்கிறார்கள். தண்ணீரும் முக்கியம். எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் மஞ்சள் கறை ஏறிய பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்தவள் நான். 2013-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காகவே வந்தது. சமையலுக்கும் குடிக்கவும் அந்தக் குழாய்த் தண்ணீரைத்தான் பிடித்து வைத்திருக்கிறார்கள். பாத்திரம் கழுவ மட்டும் போர் தண்ணீர். யாரும் சொல்லித் தராமல் இதைப் பிரித்து வைத்திருப்பதற்காகவே அந்தக் குடும்பத்தை எனக்குப் பிடித்துப்போனது.

விலைக்கு வருகிறேன். ஓர் உருண்டை 20 ரூபாய். இரண்டு உருண்டை, குழம்பு, கீரை, ஊறுகாய், மோர் எல்லாம் சேர்த்து 60 ரூபாய். குழம்பும் கீரையும் கேட்கக் கேட்க ஊற்றுகிறார்கள். இது கட்டுப்படியாகிறதா என்று நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2024-25-க்கு மத்திய அரசு ராகிக்கு அறிவித்த குறைந்தபட்ச ஆதார விலை குவிண்டாலுக்கு 4,290 ரூபாய், அதாவது கிலோ ஏறக்குறைய 43 ரூபாய். ஓர் உருண்டைக்கு நூறு கிராமுக்குச் சற்றுக் கூடுதலாக மாவு வைத்தாலும் தானியச் செலவு ஐந்தாறு ரூபாய்தான். அரவை, விறகு, நொய், அம்மாவின் தோள்வலி எல்லாவற்றையும் சேர்த்தால் 20 ரூபாய் நேர்மையான விலை. ராகி விற்ற விவசாயியும் அதை உண்ணும் கூலித் தொழிலாளியும் ஒரே பெஞ்சில் உட்கார முடிகிற விலை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையோரப் பெரிய உணவகம் ஒன்றில் ‘பாரம்பரியக் களி விருந்து’ என்று சொல்லி, எலுமிச்சம்பழ அளவில் இரண்டு உருண்டைக்கு 160 ரூபாய் வாங்கினார்கள். காலையில் கிண்டியதை நீராவியில் சூடாக்கியிருந்தார்கள். மேலே நீர் கோத்து, நடுவில் இறுகிக் கிடந்தது. பக்கத்து மேசையில் ஒரு சிறுவன் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினான். அவனுக்கு இனி களி என்றால் அந்தச் சுவைதானே நினைவில் இருக்கும்? 2023-இல் தருமபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதிலாக ராகி கொடுக்கத் தொடங்கியபோது, வாங்கிய ராகியை என்ன செய்வது என்று என்னிடமே கேட்ட இளம் தாய்மார்கள் உண்டு. ராகி விளைகிற மாவட்டத்திலேயே இந்த நிலை. அப்படிப்பட்டவர்கள் ஒரு முறை இந்தக் கடை வாசலில் நின்று பார்த்தால் போதும்.

தொடுகறிகளில் நாளுக்கு ஒன்று மாறுகிறது. பண்ணைக்கீரை கிடைத்த நாளில் பூண்டும் காய்ந்த மிளகாயும் சேர்த்து மத்தால் கடைந்திருந்தார்கள். கீரையின் லேசான கசப்பை மறைக்காமல் விட்டிருந்தது நல்ல சமையல்காரரின் அடையாளம். கொள்ளுக் கடையல் கெட்டியாக இருந்தது, நல்லெண்ணெய் ஊற்றிக் கேட்டு வாங்குங்கள். நிலக்கடலைத் துவையலில் புளி கொஞ்சம் தூக்கல். எங்கள் பக்கத்துப் புளிக்கு அந்த உரிமை உண்டு என்றாலும் கடலையின் மணம் அமுங்கிவிடுகிறது.

ஆனால் இந்தக் கடைக்கு வர வேண்டிய காலம் மார்கழியும் தையும். அப்போதுதான் பிதுக்கம்பருப்புக் குழம்பு. பனி இறங்கியதும் அவரைக்காய் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வரும், பனி ஏற ஏறக் காயின் மணமும் ஏறும். கொட்டைகளை உரித்து இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் ஒவ்வொன்றையும் இரு விரல்களுக்கு இடையில் அழுத்தினால் தோல் கழன்று பருப்பு மட்டும் வெளியே குதிக்கும். ஒரு குழம்புச் சட்டிக்கு எத்தனை ஆயிரம் கொட்டைகள்! அதனால்தான் பெரிய ஓட்டல்காரர்கள் இதைத் தொடுவதே இல்லை. இங்கே காலை ஆறு மணிக்கு மாமியாரும் மருமகளும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரும் திண்ணையில் உட்கார்ந்து பிதுக்குகிறார்கள். தேங்காய், கசகசா, பட்டை, கொத்துமல்லி அரைத்து ஊற்றிய குழம்பு. பருப்பு உருக்குலையாமல், நாக்கில் வைத்ததும் மாவாகக் கரைகிறது. காரம் முதலில் தெரியாது, இரண்டாம் உருண்டையில் நெற்றி வியர்க்கும். என் தாயாருக்குப் பிறகு இந்தக் குழம்பை இவ்வளவு பொறுமையோடு வைத்தவர்களை நான் கண்டதில்லை. பிதுக்கம்பருப்பு நாட்களில் சாப்பாட்டுக்குப் பத்து ரூபாய் கூடுதல். இருபது வாங்கினாலும் தகும்.

நாட்டுக்கோழிக் குழம்பு ஞாயிறு மட்டும். முந்தைய நாளே சொல்லிவைக்க வேண்டும், ஒரு கிண்ணம் 130 ரூபாய். கறி நன்றாக வெந்திருந்தது, மிளகு கொஞ்சம் குறைத்திருக்கலாம். கருவாட்டுக் குழம்பு நான் சாப்பிடவில்லை. என்னோடு வந்த என் நாத்தனார் தட்டில் ஒரு சொட்டு விடாமல் வழித்தார்.

குறைகளும் உண்டு. சோறு கேட்காதீர்கள், அது இந்தக் கடையின் வேலை இல்லை. குழைந்து, ஆறி இருந்தது. ரசம் வெறும் புளித்தண்ணீர். உட்கார நான்கு பெஞ்சுகள்தான், விறகுப் புகை சில நேரம் கண்ணைக் கரிக்கிறது. ஆஸ்துமா உள்ளவர்கள் வெளியே வேப்பமரத்தடித் திட்டில் தட்டை வாங்கிக்கொள்ளலாம். கைகழுவும் இடத்தில் சோப்பு இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கழிப்பறை கிடையாது. நெடுந்தூரம் வரும் பெண்களுக்கு இது பெரிய தொல்லை. அணைக்குப் போகிறவர்கள் மாரண்டஅள்ளியிலேயே அதை முடித்துக்கொண்டு வாருங்கள்.

பார்சல் கிடையாது. களி ஆறினால் இறுகிவிடும், அதைக் கட்டிக் கொடுத்துப் பெயரைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார் அம்மா. குழம்பு மட்டும் பாத்திரம் கொண்டுபோனால் ஊற்றித் தருவார். காலை எட்டிலிருந்து பதினொன்று வரை ராகிக்கூழ், மோர்மிளகாய், சின்ன வெங்காயம், சொம்பு 15 ரூபாய். களி பன்னிரண்டரைக்குத் தயார், இரண்டு மணிக்குள் தீர்ந்துவிடும். வெள்ளிக்கிழமை கவிச்சி இல்லை. ரயிலில் வருகிறவர்கள் சேலம், தருமபுரி, ஓசூர் வழியாகப் பெங்களூரு போகும் பாதையில் மாரண்டஅள்ளியில் இறங்கி, பஞ்சப்பள்ளி பஸ்ஸைப் பிடிக்கலாம்.

கடையைப் பெரிதாக்கி மேசை நாற்காலி போடப் போவதாக மகன் சொன்னார். அந்தப் பணத்தில் முதலில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்டுங்கள் என்றேன். கொல்லைப்புறத்தில் இடம் அளந்து, சுண்ணாம்பால் கோடு போட்டிருந்ததைக் கூட்டிப்போய்க் காட்டினார். ராகி அறுப்பு முடிந்து கையில் கொஞ்சம் பணம் வந்ததும் வேலை ஆரம்பமாம்.