ஹீட் மீற்றர் முள் நடுவிலேயே நிற்கிறதா? திருகோணமலைப் பழைய கார்க்காரர் கவனத்துக்கு

திருகோணமலையில் மினி, மொறிஸ், ஒஸ்டின், எஸ்கோட் என்று பழைய கார் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எஞ்சின் தண்ணீரின் சூட்டைக் காட்டும் ஹீட் மீற்றர் வேலைக்காக அண்மையில் காரை எங்காவது கராஜில் விட்டிருந்தீர்களா? அப்படியென்றால் காலையில் எஞ்சின் நன்றாக ஆறிக் கிடக்கும்போது, ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் திருப்பி வைத்துக்கொண்டு அரை நிமிடம் பாருங்கள். முள் கீழே, குளிர்ப் பக்கத்திலேயே கிடக்க வேண்டும். அது மெல்ல எழும்பி நடுவில் போய் நின்றுகொண்டால், என் காருக்குச் செய்த வேலையை உங்கள் காருக்கும் செய்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளலாம். தூரப் பயணம் எதுவும் போகாதீர்கள்.

என்னுடையது 1968ஆம் ஆண்டு மினி, மார்க் 2, 998 சீசீ. ஸ்ரீ நம்பர் பிளேட்டோடு இன்னும் ஓடுகிறது. மலிவு மாடல் மினிக்கு நடுவில் ஒற்றை வட்ட மீற்றர்தான் இருக்கும். இது சூப்பர் டீ லக்ஸ் என்பதால் முட்டை வடிவத் தட்டில் மூன்று மீற்றர். நடுவில் வேகம், அதற்குள்ளேயே பெற்றோல் முள். ஒரு பக்கம் ஒயில் பிரஷர், மறுபக்கம் தண்ணீரின் சூடு. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு இந்த மாதிரிக் கார்களுக்கு ஏறிய விலை எல்லோருக்கும் தெரியும். விலை ஏறிய அளவுக்கு இவற்றைத் தெரிந்த கைகள் ஊரில் பெருகவில்லை.

வீடு உப்புவெளியில், கடற்கரையோடு ஒட்டினாற்போல. மாரி முடிந்து கொஞ்ச நாளில் சூட்டு முள் 'எச்' (ஹொட், கடும் சூடு) எழுத்தை நோக்கி ஏறத் தொடங்கியது. டவுனுக்குப் போய் வருவதற்குள்ளேயே சிவப்பைத் தொட்டுவிடும். ஆனால் றேடியேற்றரில் தண்ணீர் குறையவில்லை. ஆவி இல்லை. வெள்ளைப் புகை இல்லை. ஒயில் குச்சியை இழுத்துப் பார்த்தால் பால் கலந்த மாதிரி எதுவும் இல்லை. இன்னொன்றும் நடந்தது. அரை டாங்க் பெற்றோல் இருக்கும்போதே பெற்றோல் முள் நிறைந்த கோட்டைத் தாண்டிப் போய் நின்றது.

இதையெல்லாம் சொல்லித்தான் நகரத்துக்குள் இருக்கும் ஒரு கராஜில் காரை விட்டேன். பெயரை இங்கே போடவில்லை, காரணம் கடைசியில். முதலாளி பொனட்டைத் திறந்து, றேடியேற்றர் மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு உடனே சொன்னார்:

"அண்ணன், ஹெட் கஸ்கட் போயிட்டுது. இனி ஓட்டினீங்கள் எண்டா எஞ்சின் ஜாம்."

"அப்ப பெற்றோல் முள் ஏன் ஏறுது?"

"அது டாங்குக்குள்ள மிதவை பிழை. அதுக்கு வேற சார்ஜ் வரும்."

ஹெட் என்பது எஞ்சினின் மேல்மூடி, அதற்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடுதான் கஸ்கட். ஹெட்டைக் கழற்றினார்கள், லேத்துக்கு அனுப்பி முகம் சீவினார்கள். கஸ்கட் செட் புதிது, தண்ணீர்ப் பம்ப் புதிது. றேடியேற்றரைக் கழற்றிக் குழாய் குத்திச் சுத்தம் செய்தார்கள். சென்சரையும் மாற்றியதாகச் சொன்னார்கள். எல்லாமாகச் சேர்த்து ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. பில்லில் 'எஞ்சின் வேலை' என்று ஒரே ஒரு வரி. கழற்றிய பழைய கஸ்கட்டைத் தாருங்கள் என்றதற்கு, குப்பைக்குப் போய்விட்டது என்றார்கள். பெற்றோல் முள் மட்டும் மேலேதான் நின்றது. அதற்கான சாமான் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து வர வேண்டுமாம். சூட்டு முள்ளோ, பார்க்கவே ஆசையாக, நடுவில் 'என்' (நோர்மல்) எழுத்தின் மேல் அசையாமல் நின்றது. கண்டி வீதியில் வெயில் உச்சியில் ஓட்டினாலும் அங்கேயே. இரவில் ஓட்டினாலும் அங்கேயே.

அப்புறம் ஒருநாள் கந்தளாய்ப் பக்கம் போகும்போது, பாலம்போட்டாறு கடந்து கொஞ்ச தூரத்தில் கால் மாட்டில் ஆவி வாசம் வந்தது. இழுவை குறைந்தது. எஞ்சின் தட்டத் தொடங்கியது. மீற்றரைப் பார்த்தேன், முள் அதே 'என்' மேல். ஓரம் கட்டிப் பொனட்டைத் தூக்கினால் முன்பக்கம் முழுவதும் ஆவி. ஹெட்டுக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் நடுவில் விரல் நீளத்தில் ஒரு குட்டி ரப்பர் குழாய் இருக்கும், பைபாஸ் ஹோஸ் என்பார்கள். அது நெடுக்காகப் பிளந்திருந்தது.

மினி தெரிந்தவர்களுக்கு இந்தக் குழாயின் கதை தெரியும். ஹெட் இருக்கும்போது இதை மாற்றுவது பெரிய தலைவலி, கை போகாது. ஆகவே எதற்காக ஹெட்டைக் கழற்றினாலும் முதல் வேலையாக இதைப் புதிதாகப் போடுவார்கள். விலையை யோசித்து மாற்றாமல் விடுகிற சாமான் அல்ல அது. என் காரில் ஹெட்டையும் கழற்றி, பம்பையும் மாற்றி, நடுவில் இருந்த பழைய குழாயை அப்படியே திரும்ப மாட்டியிருந்தார்கள்.

பக்கத்துக் கடைக்காரர் கானில் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். எஞ்சின் ஆறும்வரை மூடியில் கை வைக்கவில்லை. (யாருக்கு என்ன அவசரம் என்றாலும் கொதிக்கிற றேடியேற்றரின் மூடியைத் திறக்காதீர்கள். கொதிக்கிற எஞ்சினுக்குள் பச்சைத் தண்ணீரையும் ஊற்றாதீர்கள்.) கடைசியில் டிமோ பட்டா சின்ன லொறி ஒன்றைப் பிடித்துக் காரை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு பெரியவர் இருக்கிறார். வாழ்நாள் முழுவதும் வாகன வயரிங் வேலை செய்து ஓய்ந்தவர். கதையைக் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி:

"மகன், முதல்ல ரெண்டு முள்ளும் சேர்ந்தா ஏறினது?"

"ஓம் மாமா."

"அப்ப எஞ்சினில ஏன் கை வச்சவங்கள்?"

மீற்றர்த் தட்டை இழுத்துப் பின்பக்கம் டோர்ச் அடித்தார். பச்சையில் நீலக் கோடு போட்ட வயர் ஒன்று இருக்கிறது, அதுதான் மீற்றரிலிருந்து எஞ்சின் சென்சருக்குப் போவது. அதை உள்ளேயே வெட்டியிருந்தார்கள். வெட்டிய முனையில் கறுப்பு டேப் உருண்டை. சூட்டில் டேப்பின் பசை இளகி வயர் வழியே வழிந்திருந்தது. பிரித்தால் உள்ளே ஒரு சின்ன ரெசிஸ்டர், அதாவது மின்தடை. பழுப்பு, பச்சை, பழுப்பு வளையம், அதாவது 150 ஓம். அதன் மறுமுனையை காரின் பொடியில் (உலோக உடம்பில்) ஒரு ஸ்குரூவில் முடுக்கியிருந்தார்கள். எஞ்சின் பக்கத்தில் சென்சர் வயர் ஒழுங்காகக் கொழுவியபடியே இருந்தது. பொனட்டைத் திறந்து பார்க்கிற எவருக்கும் எல்லாம் சரியாகத்தான் தெரியும். தற்செயலாகச் செய்கிற வேலை அல்ல இது, இருந்து யோசித்துச் செய்த வேலை.

என்ன நடந்தது என்று விளங்க அந்த மீற்றர் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சென்சர் என்பது சூடு ஏற ஏறத் தடை குறைகிற ஒரு பொருள். ஆறியிருக்கும்போது சில நூறு ஓம், கொதிக்கும்போது சில பத்து ஓம். தடை குறையக் குறைய மின்னோட்டம் கூடி முள் ஏறும். சென்சர் இருக்க வேண்டிய இடத்தில் மாறாத தடை ஒன்றைக் கட்டிவிட்டால் முள்ளும் மாறாது. எஞ்சின் பனிக்கட்டியாக இருந்தாலும் எரிந்துகொண்டிருந்தாலும் 'என்'தான். குரைத்த நாயின் வாயைக் கட்டிவிட்டுக் கள்ளனைப் பிடித்துவிட்டேன் என்று காசு வாங்கின கதை. நல்ல மீற்றராக இருந்திருந்தால் குழாய் பிளந்து தண்ணீர் குறையத் தொடங்கும்போதே முள் ஏறிச் சொல்லியிருக்கும். (முழுத் தண்ணீரும் போய்விட்டால் சென்சர் ஆவிக்குள் நின்று குறைத்துக் காட்டும் என்பது வேறு கதை. ஆனால் அதற்கு முன்னால் ஏறிக் காட்டுகிற நேரம் ஒன்று இருக்கிறது. அந்த நேரத்தைத்தான் என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள்.)

சரி, முதலில் இரண்டு முள்ளும் ஏன் ஏறின? அந்தக் கால ஸ்மித்ஸ் மீற்றர்களில் பெற்றோலுக்கும் சூட்டுக்கும் பொதுவாக ஒரு வோல்ட்டேஜ் ஸ்டெபிலைசர் இருக்கும். தீப்பெட்டியைவிடச் சிறிய தகரப் பெட்டி. உள்ளே ஒரு இரட்டை உலோகத் தகடும் சூடேற்றும் சுருளும். தகடு சூடாகி வளைந்து மின்சாரத்தை விடும், ஆறி நிமிர்ந்து சேர்க்கும். இப்படி விட்டுவிட்டுக் கொடுப்பதால் மீற்றருக்கு சராசரியாக 10 வோல்ட் போய்ச் சேரும். அந்தச் சுருளுக்கு எர்த் கிடைப்பது பெட்டியின் உடம்பு வழியாக. உடம்பு துருப்பிடித்து எர்த் விட்டுப்போனால் சுருள் சூடாகாது, தகடு வளையாது, பற்றரியின் முழு 12, 14 வோல்ட்டும் நேரே இரண்டு மீற்றருக்கும் போகும். இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறும். கடலோரத்தில் நிற்கிற காருக்கு இது அதிசயமே இல்லை.

பெரியவர் அந்தப் பெட்டியைக் கழற்றி, கால் இருந்த இடத்தைத் துருக்கடதாசியால் வெள்ளைத் தகரம் தெரியும்வரை தேய்த்து, கொஞ்சம் கிறீஸ் பூசித் திரும்ப முடுக்கினார். ரெசிஸ்டரை எடுத்துவிட்டு வயரை ஒட்டினார். பெற்றோல் முள் தானாக அரை டாங்க்குக்கு இறங்கி வந்தது. மிதவையில் ஒரு பிழையும் இல்லை. செலவு, அவருக்கு ஒரு பிளேன்ரீ. அதற்கு மேல் எதையும் வாங்க மறுத்துவிட்டார்.

எஞ்சினின் கதை அவ்வளவு லேசாக முடியவில்லை. ஹெட்டைத் திரும்பவும் கழற்ற வேண்டியிருந்தது, வேறு ஓரிடத்தில். இந்த முறை கஸ்கட் உண்மையாகவே போயிருந்தது.

ரெசிஸ்டரை எடுத்துக்கொண்டு பழைய கராஜுக்குப் போனேன். முதலாளி அதைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "முள் நடுவில நிக்கோணும் எண்டுதானே, அண்ணன், நீங்கள் கேட்டீங்கள்?" என்றார். பக்கத்தில் நின்ற பெடியன் சிரித்தான். காரணம் தெரியாமல் ஹெட்டைக் கழற்றியதை நான் மன்னிப்பேன். பழைய கார் எல்லோருக்கும் விளங்காது, ஊகித்து வேலை செய்கிற பாஸ்மார் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தப் பதிலை மன்னிக்க முடியாது.

உங்கள் காரில் முள் ஏறினால் ஹெட்டில் கை வைக்க விடுவதற்கு முன் சிலவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். பெற்றோல் முள்ளும் கூடவே ஏறுகிறதா என்பதுதான் முதல் கேள்வி. சூட்டு முள் மட்டும் ஏறினால் சென்சரிலிருந்து வயரைக் கழற்றிப் பாருங்கள். முள் கீழே விழ வேண்டும், விழாவிட்டால் வயர் எங்கோ பொடியில் முட்டுகிறது. இப்போது மலிவாகக் கிடைக்கிற, தூரத்திலிருந்து நீட்டிப் பார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று இருந்தால் தெர்மோஸ்டாட் (எஞ்சின் தண்ணீர் குறித்த சூட்டுக்கு வந்ததும் திறக்கும் வால்வு) கூட்டில் பிடியுங்கள். பளபளக்கும் அலுமினியத்தில் அது குறைத்துக் காட்டும். அதனால் ஒரு துண்டுக் கறுப்பு டேப் ஒட்டி, அந்த டேப்பில் பிடிக்க வேண்டும். மினிக்கு வழமையாக 82 பாகைத் தெர்மோஸ்டாட், சூட்டு நாடுகளுக்கு 74. அதை ஒட்டி வாசிப்பு நின்றால் எஞ்சினில் குறை இல்லை, மீற்றர்தான் பொய் சொல்கிறது. சென்சரைக் கழற்றிக் கொதிநீரில் வைத்தும் சோதிக்கலாம். கன்னியா வெந்நீர்க் கிணற்றுச் சூடு போதாதா என்று ஒருவர் பகிடியாகக் கேட்டார். போதாது, அடுப்புத் தண்ணீர்தான் வேண்டும். சென்சரை மாற்றுவதென்றால், ஜப்பான் காரின் சென்சர் மரையில் சரியாக உட்கார்ந்தாலும் அதன் தடைக் கணக்கு வேறு, முள் பிழையாகத்தான் காட்டும்.

ஸ்டெபிலைசரையே மாற்றுவதென்றால் இப்போது விற்பது பெரும்பாலும் எலெக்ட்ரோனிக். 1969க்கு முந்திய மினிகள் பொசிற்றிவ் எர்த், அதாவது பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் பொடிக்குப் போகும். கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது நெகற்றிவ் எர்த்துக்கானது. அதைப் போட்டால் வேலை செய்யாது, கருகவும் கூடும். உங்கள் காரின் பற்றரியில் எந்த முனை பொடிக்குப் போகிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

முறைப்பாடு எழுத்தில் கொடுத்திருக்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு இதைக் கொண்டுபோகலாம். சேவை கிடைத்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், அதைத் தவற விடாதீர்கள். அவர்களுடைய தொலைபேசி இலக்கம் 1977. வெட்டிய வயரின் படம், ரெசிஸ்டர், ஒற்றை வரிப் பில், இரண்டாவது கராஜ் எழுதித் தந்த விவரம் எல்லாவற்றையும் இணைத்தேன். முடிவு வரும்வரை கராஜின் பெயரைப் பொதுவில் சொல்வதில்லை என்று இருக்கிறேன். உங்கள் காரிலும் இதே ரெசிஸ்டர் அகப்பட்டால் அதைப் பிடுங்கி எறியாமல், இருக்கிற இடத்திலேயே படம் எடுத்துவிட்டு, பில்லோடு நீங்களும் ஒரு முறைப்பாடு கொடுங்கள்.