சூப்பர்மார்க்கெட் செயினில் வேலைக்குச் சேரலாமா? உள்ளே இருந்து ஒரு விமர்சனம்

நாடு முழுக்கக் கிளை வைத்திருக்கும் ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட் நிறுவனத்தில் பில்லிங் கவுண்டரில் சேர்ந்தவள் நான். இன்று கோவையில் ஒரு கிளையில் மளிகைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். இன்னும் அங்கேயே சம்பளம் வாங்குவதால் நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அதே துறையில் வேறு வேறு நிறுவனங்களில் இருக்கும் தோழிகளிடம் பேசியதை வைத்துச் சொன்னால், பெயர்ப்பலகை மாறுமே தவிர உள்ளே நடப்பது ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான். தெருவில் பார்க்கிற அக்காமார்கள் "எங்க பொண்ணு பிளஸ் டூ முடிச்சிருக்கா, உங்க கடையில சேத்துவிடலாமா" என்று கேட்கும்போதெல்லாம் நின்றவாக்கில் பாதிதான் சொல்ல முடிகிறது, அதனால் முழுசாக எழுதுகிறேன்.

முதலில் என் முடிவு. சேரலாம். வேலை கிடைப்பது சுலபம், உழைத்துச் சாப்பிடுகிற கௌரவமான வேலை. ஆனால் கடையின் முன்பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தால் ஐந்து வருடம் கழித்தும் அதே இடத்தில்தான் நிற்பீர்கள். சரக்கு வந்து இறங்குகிற பின்பக்கத்துக்குப் போய்க் கணக்கைக் கற்றுக்கொண்டவர்கள்தான் மேலே வந்திருக்கிறார்கள், நான் பார்த்தவரை இதற்கு விதிவிலக்கு ரொம்பக் குறைவு.

வேலை தேடுவது எப்படி என்பதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. நிறுவனத்தின் இணையதளத்தில் விண்ணப்பம் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். தலைமை அலுவலக வேலைக்கு அது சரி. கடைத்தளத்து வேலைக்கு அந்தந்தக் கிளையில்தான் ஆள் எடுக்கிறார்கள், கண்ணாடிக் கதவில் ஒட்டியிருக்கும் "ஆட்கள் தேவை" தாளைப் பார்த்து உள்ளே போய்க் கேட்பதுதான் வேகமான வழி. வார நாளில், காலை பதினோரு மணி வாக்கில் போங்கள். மாதத்தின் முதல் பத்து நாளில் போகாதீர்கள், அப்போது சம்பளக் கூட்டம், மேனேஜருக்கு உங்களை நிமிர்ந்து பார்க்கக்கூட நேரம் இருக்காது. உள்ளே தெரிந்தவர் யாராவது இருந்தால் அவர் வழியாகப் போவது இன்னும் நல்லது. தெரிந்தவர் யாருமே இல்லையென்றால் தமிழக அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்தில் பதிவு செய்யுங்கள், பதிவுக்குக் காசு இல்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வெள்ளிக்கிழமைகளில் நடக்கும் சிறிய முகாம்களுக்கும் இந்த நிறுவனங்கள் வருகின்றன, எந்த வெள்ளி என்பது ஊருக்கு ஊர் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் உறுதி, வேலைக்காக யாராவது டெபாசிட், யூனிஃபார்ம் பணம், பயிற்சிக் கட்டணம் என்று ஜிபேயில் கேட்டால் அது மோசடி. எந்தப் பெரிய நிறுவனமும் அப்படி வாங்குவதில்லை.

நேர்காணல் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஆதார், பான், வங்கிப் பாஸ்புக், மார்க் ஷீட் கேட்பார்கள். நாள் முழுக்க நிற்க முடியுமா, ஞாயிறு வர முடியுமா, தீபாவளிக்கு லீவு கேட்க மாட்டீர்களே என்பதுதான் முக்கியமான கேள்விகள். ஒரு சின்னக் கணக்குக் கொடுப்பார்கள். 240 ரூபாய் பொருளுக்கு 15 சதவீதம் தள்ளுபடி போனால் எவ்வளவு என்று என்னிடம் கேட்டார்கள். 24ம் அதில் பாதி 12ம் சேர்த்து 36 கழித்து 204 என்று வாய்க்கணக்காகச் சொன்னேன், அடுத்த வாரமே வரச் சொல்லிவிட்டார்கள்.

இனிதான் கவனமாக இருக்க வேண்டிய இடம். ஆஃபர் லெட்டரில் மேலே யாருடைய பெயர் அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். கடையின் நிறுவனமே கொடுத்திருந்தால் ஆன் ரோல். ஏதோ ஒரு மேன்பவர் ஏஜென்சியின் பெயர் இருந்தால் ஆஃப் ரோல். யூனிஃபார்ம் ஒன்றுதான், செய்கிற வேலையும் ஒன்றுதான், சம்பளச் சீட்டு மட்டும் வேறு. "அப்ரண்டிஸ்" என்று போட்டிருந்தால் அது மூன்றாவது வகை. 1961ஆம் வருடத்து அப்ரண்டிஸ் சட்டத்தின்படி நீங்கள் பயிற்சி பெறுபவர், ஊழியர் அல்ல, பிஎஃப் என்கிற வருங்கால வைப்பு நிதியும் இஎஸ்ஐ என்கிற ஊழியர் மருத்துவக் காப்பீடும் கிடையாது, உதவித்தொகை மட்டும்தான். முதல் வேலைக்கு அது மோசமில்லை, கையில் ஒரு சான்றிதழ் வரும். ஆனால் அது முடிந்ததும் வேலை நிச்சயம் என்று வாயால் சொல்வதை நம்பிவிடாதீர்கள், எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆஃப் ரோலில் எனக்கு இருக்கும் பெரிய கோபம், நடுவில் ஏஜென்சி மாற்றுவது. எங்கள் கிளையில் என்னோடு சேர்ந்த பெண்களை ஒரு நாள் வரிசையாகக் கூப்பிட்டுப் புதுத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள். பழைய ஏஜென்சியிலிருந்து விலகியதாக ஒன்று, புதிய ஏஜென்சியில் சேர்ந்ததாக ஒன்று. மறுநாள் அதே கவுண்டரில்தான் நின்றார்கள். ஆனால் சர்வீஸ் கணக்கு முதலிலிருந்து தொடங்கிவிட்டது. நிரந்தர வேலையில் கிராஜுவிட்டிக்கு, அதாவது வேலையை விடும்போது சர்வீஸுக்காகக் கிடைக்கும் பணிக்கொடைக்கு, ஐந்து வருடத் தொடர்ச்சி வேண்டும். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தை, அகவிலைப்படி இருந்தால் அதையும் சேர்த்து, 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் வருவது ஒரு வருட சர்வீஸுக்கான தொகை. நாலு வருடத்தில் ஏஜென்சி மாறினால் அந்தக் காசைக் கேட்டு அலைய வேண்டியதாகிவிடுகிறது. இது அநியாயம், வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. அப்படிக் கையெழுத்துக் கேட்டால் இரண்டு தாளையும் ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளத்துக்கு வருவோம். சிடிசி, அதாவது உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு, என்று சொல்லும் எண்ணில் நிறுவனம் கட்டும் பிஎஃப் பங்கும் சேர்ந்திருக்கும், அது உங்கள் கைக்கு வராது. உதாரணத்துக்கு மாதச் சம்பளம் 15,000, அதில் அடிப்படை 12,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஎஃப் 12 சதவீதம் 1,440 போகும். இஎஸ்ஐ 0.75 சதவீதம், 113 ரூபாய். கையில் 13,447. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொழில்வரி பிடிப்பார்கள். இஎஸ்ஐக்குப் பிடிக்கிறார்களே என்று வருத்தப்படாதீர்கள், நிறுவனம் தன் பங்காக 3.25 சதவீதம் கட்டுகிறது, வீட்டில் அப்பா அம்மாவுக்கு ஆபரேஷன் என்று வரும்போதுதான் அதன் அருமை தெரியும். பிஎஃப் பணத்தைக் கட்டுகிறார்களா என்று அரசின் உமங் செயலியில் பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்து மாதாமாதம் பார்ப்பது உங்கள் வேலை.

யாரும் சொல்லாத இன்னொன்று. மாதச் சம்பளம் 21,000த்தைத் தாண்டினால் இஎஸ்ஐயிலிருந்து வெளியே வந்துவிடுவீர்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று இருக்கும் அரையாண்டு முடியும்வரை பிடித்தம் ஓடும், அப்புறம் நின்றுவிடும். பதவி உயர்வு என்று இனிப்பு கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போன என் தோழிக்கு அடுத்த வருடம்தான் இது தெரிந்தது, அவள் அம்மாவுக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்த நேரம். உயர்வு கிடைக்கும்போது ஹெச்ஆரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி எவ்வளவு கூட்டினீர்கள் என்பதல்ல, குழுக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்க்க முடியுமா என்பதுதான்.

இப்போது வேலை. காலையில் கடை திறக்கும் முன் எல்லாரையும் நிறுத்தி நேற்றைய விற்பனை, இன்றைய டார்கெட் சொல்வார்கள். அப்புறம் ஷெல்ஃப் நிரப்புவது, எந்தப் பொருள் எந்தத் தட்டில் என்று காட்டும் பிளானோகிராம் படத்தின்படி அடுக்குவது, காலாவதித் தேதி பார்ப்பது, பழைய சரக்கை முன்னால் இழுத்துப் புதியதைப் பின்னால் தள்ளுவது. பில்லிங்கில் இருந்தால் கால் கடுக்கும், மாலை ஏழு மணிக்கு மேல் வரிசை குறையவே குறையாது, ஆஃபர் விலை பில்லில் விழவில்லை என்று கத்துகிறவரிடம் சிரித்த முகத்தோடு பேச வேண்டும். இரவு கல்லாக் கணக்கில் ஐம்பது ரூபாய் குறைந்தால் வயிறு கலங்கும். சில கிளைகளில் அதைக் கேள்வி கேட்காமல் சம்பளத்தில் பிடித்துவிடுகிறார்கள். ஊழியரின் விளக்கத்தைக் கேட்காமல் அப்படிப் பிடிக்கச் சட்டத்தில் இடமில்லை, தைரியமாக எழுதிக் கேளுங்கள்.

உட்காரும் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2021 செப்டம்பரில் தமிழ்நாட்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்தது. ஊழியர்கள் எல்லாருக்கும் உட்கார வசதி செய்து தர வேண்டும், வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார விட வேண்டும் என்று 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். கேரளத்தில் 2018இலேயே வந்துவிட்டது, அங்கே துணிக்கடைப் பெண்கள் போராடி வாங்கிய உரிமை அது. எங்கள் கிளையில் ஸ்டூல் வந்தது. ஆனால் வந்த புதிதில் பில்லிங் மேசைக்குக் கீழே மடக்கிச் சொருகியே கிடந்தது, ஏரியா மேனேஜர் வருகிறார் என்றால் வெளியே வரும். யாரும் உட்காராதே என்று சொல்லவில்லை, உட்கார்ந்தால் ஒரு பார்வை பார்ப்பார்கள், அவ்வளவுதான். இப்போது என் பிரிவில் கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் நானே போய் உட்காரச் சொல்கிறேன். மாதவிடாய் நாளில் ஒன்பது மணி நேரம் நின்றிருக்கிற எந்தப் பெண்ணுக்கும் இதன் அவசியத்தை விளக்க வேண்டியதில்லை. நேர்காணலுக்குப் போகும்போது பில்லிங் கவுண்டரில் ஸ்டூல் இருக்கிறதா, அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள், அந்தக் கிளை மேனேஜர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும்.

வேலை நேரம் சட்டப்படி நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. அதற்கு மேல் போனால் இரட்டிப்புக் கூலி. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் நாள் முழுக்கத் திறந்திருக்கலாம் என்று 2019இல் அரசாணை வந்தபோதே, பெண்களை இரவு எட்டுக்கு மேல் வைத்திருக்க எழுத்தில் சம்மதம் வேண்டும், பாதுகாப்பும் போக்குவரத்தும் நிறுவனம் பார்க்க வேண்டும் என்று நிபந்தனையும் போட்டார்கள். சேரும் நாளில் நீட்டுகிற தாள்களுக்குள் அந்தச் சம்மதமும் ஒன்றாக இருக்கும், படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சரி, மேலே வருவது எப்படி. நான் வளர்ந்தது இன்வர்டில், அதாவது வருகிற சரக்கைச் சரிபார்த்து வாங்கும் இடத்தில். சரக்கு வண்டி காலை ஆறு மணிக்கு வரும், பெண்கள் அங்கே அதிகம் போக மாட்டார்கள், நான் கேட்டுப் போனேன். வண்டியின் சீல் எண் தாளில் இருக்கும் எண்ணோடு ஒத்துப் போகிறதா என்று பார்த்த பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும். இன்வாய்ஸில் நாற்பது பெட்டி எண்ணெய் என்றிருக்கும், எண்ணினால் முப்பத்தொன்பது. ஒரு பெட்டியின் அடி அட்டை மட்டும் கொஞ்சம் கருத்திருக்கும், தொட்டால் பிசுபிசுக்கும், உள்ளே ஒரு பாக்கெட் ஒழுகி மற்ற ஒன்பதையும் நனைத்திருக்கும். அதை அப்போதே டிரைவர் முன்னால் பிரித்து, தாளில் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கி, அதன் பிறகுதான் ஜிஆர்என், அதாவது சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கான பதிவு, போட வேண்டும். விட்டுவிட்டால் அந்த நஷ்டம் கடையின் ஷ்ரிங்கேஜில், அதாவது காணாமல் போன, வீணான சரக்கின் கணக்கில், விழும், ஆடிட்டில் உங்கள் பிரிவு மாட்டும். பாக்கெட்டில் புது எம்ஆர்பி, கம்ப்யூட்டரில் பழைய எம்ஆர்பி என்பதும் அங்கேயே கண்ணில் பட்டுவிட்டால் மாலையில் கவுண்டரில் சண்டை வராது. பில்லிங்கில் நான் பட்ட பாடெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று அங்கேதான் புரிந்தது.

அதைக் கற்றுக்கொண்டதும் நம் பேச்சே மாறிவிடுகிறது. மேனேஜர் கேட்டால் எந்தச் சரக்கு எத்தனை நாளுக்கு இருக்கிறது, எது தீர்ந்துபோய் எவ்வளவு விற்பனை விட்டோம் என்று எண்ணோடு சொல்ல முடிகிறது. உள்ளே ஐஜேபி என்று காலியிட அறிவிப்பு வரும், பெரும்பாலும் ஒரு வருடம் முடித்தவர்கள் போடலாம். அதில் கேட்பது இந்த எண்களைத்தான். எக்செல் பழகுங்கள், கூட்டல் கழித்தலோடு நிறுத்தாமல் விலுக்அப், பிவட் வரை. இரண்டு வரி ஆங்கில மெயில் தப்பில்லாமல் எழுதப் பழகுங்கள். கோவையில் மேனேஜர் நல்ல தமிழர்தான், மெயில் வருவது பெங்களூரிலிருந்து.

பயிற்சி வகுப்பில் வால்மார்ட்டின் டக் மெக்மில்லன் கதையைச் சொல்வார்கள், 1984இல் கிடங்கில் லாரி இறக்கும் கோடைக்கால வேலையில் சேர்ந்தவர் 2014இல் அந்த நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி ஆனார் என்று. உண்மைதான், ஆனால் இடையில் அவர் கல்லூரியும் எம்பிஏவும் முடித்திருக்கிறார், அதைச் சேர்த்துச் சொல்ல மாட்டார்கள். நம் ஊரில் கடைத்தளத்திலிருந்து டீம் லீடர், பிரிவுப் பொறுப்பாளர், துணை மேனேஜர் வரை பிளஸ் டூ படித்தவர்கள் போகிறார்கள், என் கண்ணால் பார்க்கிறேன். ஸ்டோர் மேனேஜர் ஆக ஒரு டிகிரி கேட்கிறார்கள். கொள்முதல், மெர்ச்சண்டைசிங் என்று தலைமை அலுவலகம் போவது ரொம்பக் கஷ்டம், அங்கே வெளியிலிருந்து படித்தவர்களைத்தான் எடுக்கிறார்கள். இது எனக்குப் பிடிக்காத விஷயம். கோவையில் எந்தப் பொன்னி அரிசி போகும், எந்தத் தெருவில் இட்லி அரிசி அதிகம் என்பது கவுண்டரில் நின்றவளுக்குத்தான் தெரியும். ஆகவே சேர்ந்த முதல் வருடமே தொலைதூரக் கல்வியில் பி.காமோ பிபிஏவோ போட்டுவிடுங்கள், தேர்வு நாட்களுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்து விடுப்பு வாங்குங்கள்.

பெண்களுக்கு இன்னொரு தடை, இடமாற்றம். துணை மேனேஜர் பதவி பெரும்பாலும் வேறு ஊர்க் கிளையில்தான் காலியாகும். கல்யாணமான பெண் ஈரோடு போ, சேலம் போ என்றால் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். எங்கள் கிளையில் இரண்டு திறமையான பெண்கள் இதனால் மட்டுமே பிரிவுப் பொறுப்போடு நின்றுவிட்டார்கள். உள்ளூரிலேயே இரண்டு மூன்று கிளைகள் இருக்கும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்துச் சேர்வது இதற்கு ஓரளவு வழி.

ஆடித் தள்ளுபடியிலிருந்து பொங்கல் வரை தற்காலிக ஆட்களை எடுப்பார்கள். அந்த மாதங்களில் நுழைவது எல்லாவற்றையும்விடச் சுலபம். இரண்டு மூன்று மாதம் என்றுதான் சொல்லி எடுப்பார்கள், ஆனால் நேரத்துக்கு வந்து சொல்லாமல் லீவு போடாதவர்களை மேனேஜர்கள் விட விரும்புவதில்லை. தற்காலிகமாகச் சேர்ந்தாலும் பிஎஃப் கணக்குக்கான யுஏஎன் எண்ணைக் கேட்டு வாங்கி, அடுத்த வேலைக்கும் அதே எண்ணைக் கொடுங்கள். பொங்கல் முடிந்ததும் "பார்க்கலாம்மா" என்று இழுத்தால் காத்திருக்காமல் அடுத்த கடைக்குப் போய்க் கேளுங்கள், பண்டிகைக் கூட்டத்தில் பில்லிங் பார்த்தவர் என்றால் எங்கேயும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.