குன்னூரில் பச்சிளங்குழந்தைக்கு எடுத்த இ.இ.ஜி. சோதனை: நிறையும் குறையும்

கருவுற்ற 30-ஆவது வாரத்திலேயே பிறந்துவிட்ட எங்கள் மகளுக்கு, பிறந்து 18 வாரங்கள் ஆனபோது, மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. சோதனை எடுக்குமாறு மருத்துவர் எழுதிக் கொடுத்தார். கோத்தகிரியிலிருந்து மலை இறங்கிக் கோயம்புத்தூர் வரை போக வேண்டியிருக்குமோ என்று கலங்கிய எங்களுக்கு, குன்னூரிலேயே ஒரு தனியார் மையத்தில் அது எடுக்கப்படுவது பெரிய ஆறுதலாக இருந்தது.

தலைக்கு எண்ணெய் வைக்காமல் அழைத்து வரும்படி முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். குழந்தை தானாக உறங்கும்போது பதிவு செய்வதே நல்லது. எங்கள் மகளோ பேருந்திலேயே உறங்கி முடித்து, மையத்தின் வாசலில் விழித்துக்கொண்டாள். “அவசரமே இல்லக்கா, பால் குடுத்துத் தட்டிக் குடுங்க, தூங்குற வரைக்கும் நாங்க இருக்கோம்” என்று அங்கிருந்த டெக்னீஷியன் பெண் சொன்னார். சொன்னபடியே ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார். மார்கழிக் குளிரில் சில்லிட்டிருந்த பேஸ்ட்டைத் தம் விரல்களுக்கிடையே தேய்த்துச் சூடாக்கிய பிறகே, மின்முனைகளை ஒவ்வொன்றாக அந்தச் சிறிய தலையில் ஒட்டினார். அந்தப் பரிவை நான் மறக்க மாட்டேன்.

குறை, அறிக்கையில் இருந்தது. உறக்கத்தில் தோன்ற வேண்டிய ‘ஸ்பிண்டில்’ என்னும் அலைக்கொத்துகள் வயதுக்கேற்ப வளரவில்லை என்று எழுதியிருந்தார்கள். அன்றிரவு எங்கள் வீட்டில் எவரும் உறங்கவில்லை. மறுநாள் எங்கள் குழந்தை மருத்துவர் அதைப் பார்த்தவுடனேயே காரணத்தைக் கண்டுகொண்டார்: மையத்தின் படிவத்தில் பிறந்த தேதிக்கு மட்டுமே இடம் இருந்தது, எத்தனையாவது வாரத்தில் பிறந்தாள் என்று எங்களிடம் ஒருவருமே கேட்கவில்லை.

மூளையின் மின்செயல்பாடு பெரும்பாலும் பிறந்த நாளிலிருந்து அல்லாமல் கருக்காலத்தின் கணக்கிலேயே முதிர்கிறது என்று அவர் விளக்கினார். குறைமாதக் குழந்தையின் பதிவில் அலைகள் தொடர்ந்து ஓடாமல், இடையிடையே அடங்கிப் பின் திரளாக எழும். 29 முதல் 31 வாரப் பருவத்தில் குழந்தை கையையோ காலையோ உதறினால், மூளையின் மேற்பரப்பில் அந்த உறுப்பின் உணர்வைப் பெறும் பகுதியில், மெதுவான அலையின் மேல் விரைவான சிற்றலைகள் தூரிகை மயிர்போல் நிற்கும் ஒரு வடிவம் எழுகிறது. கையைத் தொட்டாலும் அவ்வாறே எழுகிறது. இன்குபேட்டரில் அவள் விரல்கள் துடித்ததைக் கண்ணாடி வழியே பார்த்து அஞ்சிய எனக்கு, அந்தத் துடிப்பு அவள் மூளைக்குத் தன் உடலை அறிமுகப்படுத்திக் கொண்டிருந்திருக்கலாம் என்று கேட்டபோது கண் கலங்கியது. நிறைமாதத்தை ஒட்டி அந்தத் தூரிகை வடிவம் மறைந்துவிடும். ஸ்பிண்டில்களோ நிறைமாதக் கணக்கிலிருந்து ஏறத்தாழ இரண்டாம் மாதத்தில்தான் தலைகாட்டத் தொடங்கும். அப்போதும் மூளையின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே நேரத்தில் அவற்றை எழுப்புவதில்லை.

பத்து வாரம் முன்னதாகப் பிறந்த எங்கள் மகளின் திருத்திய வயது, அதாவது நிறைமாதக் கணக்கிலிருந்து எண்ணும் வயது, அன்று 8 வாரம் மட்டுமே. டிஸ்சார்ஜ் சம்மரியுடன் மீண்டும் சென்றபோது மையத்தினர் மறுக்காமல், கூடுதல் கட்டணமும் கேட்காமல், அதே பதிவை மறுபடி படித்து, திருத்திய வயதுக்கு ஏற்றதாகவே உள்ளது என்று புதிய அறிக்கை கொடுத்தார்கள். படிவத்தை மாற்றுவதாகவும் சொன்னார்கள். மாற்றியே தீர வேண்டும்.

சோதனை எடுத்த விதத்துக்காக இந்த மையத்தை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். குறைமாதக் குழந்தையுடன் செல்வோர், யாரும் கேட்காவிட்டாலும், பிறந்த வாரத்தைப் படிவத்தின் மேலேயே பெரிதாக எழுதிக் கொடுங்கள்.