எங்கள் வீட்டில் திருடியவரின் எதிரே இரண்டு மணி நேரம்

எங்கள் வீட்டில் திருட்டு நடந்து எட்டு மாதங்களுக்குப் பிறகு, திருடிய இளைஞர் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டதால், தண்டனை முடிவாவதற்கு முன் அவரை நேரில் சந்தித்துப் பேச விருப்பமா என்று கேட்டு ஒரு சமரச மையத்திலிருந்து கடிதம் வந்தது. மன்னித்துவிடும்படி நெருக்குவார்கள் என்று அஞ்சி மறுக்கவே எண்ணியிருந்தேன். கடைசிவரை அந்தச் சொல்லை அவர்கள் எடுக்கவேயில்லை.

இந்தச் சேவையில் என்னை மிகவும் கவர்ந்தது சந்திப்புக்கு முந்தைய ஆயத்தம். மத்தியஸ்தர் எங்களோடு இருமுறை தனியாகப் பேசி, யார் முதலில் பேசுவது, கதவருகே யார் உட்காருவது, இடையில் எழுந்து போக நினைத்தால் என்ன சைகை காட்டுவது என்பதுவரை கேட்டுக் குறித்துக்கொண்டார். குற்றம் செய்தவரும் பாதிக்கப்பட்டவரும் பேசி இழப்பைச் சரிசெய்ய வழிதேடும் இம்முறைக்கு மறுசீரமைப்பு நீதி என்று பெயர். அதற்கென ஐ.நா. பொருளாதார, சமூக மன்றம் 2002-இல் ஏற்ற அடிப்படை நெறிகளின்படி, இரு தரப்பும் தாமாகச் சம்மதிக்க வேண்டும். அந்தச் சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். இங்கே அது ஏட்டளவில் நின்றுவிடவில்லை.

சந்திப்பில் என் மனைவி கேட்டது ஒரே கேள்வி: "ஏன் எங்கள் வீடு?" யாரோ எங்களை நாள்கணக்கில் வேவு பார்த்திருக்கிறார்கள் என்ற பயத்தில் அவர் அதுவரை சரியாகத் தூங்கியதில்லை. இளைஞர் தலையைத் தூக்காமல், மேசை விளிம்பை நகத்தால் சுரண்டியபடி, "மூன்று நாளாக வாசல் விளக்கு எரியவில்லை, ஆள் இல்லை என்று நினைத்தேன்" என்றார். பல்பு பழுதாகியிருந்தது, அவ்வளவுதான். அவரை எத்தனை ஆண்டுகள் சிறையில் அடைத்திருந்தாலும் இந்த விடை எங்களுக்குக் கிடைத்திருக்காது.

1974-இல் கனடாவின் எல்மைராவில், 22 இடங்களில் சேதம் விளைவித்த இரண்டு இளைஞர்களைப் பாதிக்கப்பட்டவர்களின் வாசலுக்கே அனுப்பி இழப்பை ஈடுசெய்ய வைத்த முயற்சியே இம்முறையின் நவீன வடிவத்துக்குத் தொடக்கமாகப் பெரும்பாலும் சொல்லப்படுகிறது. நியூசிலாந்து 1989-இல் சிறார் வழக்குகளில் குடும்பத்தாரையும் சேர்த்து உட்காரவைக்கும் கூட்டத்தைச் சட்டமாக்கியது. குடும்பத்தார் எதற்கு என்பது, இளைஞரின் அக்கா, "அன்று இவன் கொடுத்த பணத்தில்தான் நான் அரிசி வாங்கினேன்" என்று சொன்னபோது எனக்கு விளங்கியது. நான் பேசியபோது கலங்காத அந்த இளைஞர் அப்போதுதான் அழுதார்.

குறைகளும் உண்டு. இரு தரப்புக்கும் ஒரே காத்திருப்பு அறை. அத்தனை ஆயத்தத்துக்குப் பிறகு, தண்ணீர்க் குழாயருகே தற்செயலாக அவரோடு முகத்துக்கு முகம் நிற்க நேர்ந்தது. ஒருவர் மற்றவரை அச்சத்திலேயே வைத்திருக்கும் குடும்ப வன்முறை போன்ற வழக்குகளை இத்தகைய ஏற்பாட்டில் பேசவிட நான் துணியமாட்டேன்.

அதைவிடப் பெரிய குறை, ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு மையம் காட்டிய மெத்தனம். இழப்பீட்டை நான்கு தவணைகளில் தருவதாக உடன்பாடு. ஒப்பந்தம் மீறப்பட்டால் அடுத்து என்ன செய்வதென்று தாமதமின்றி முடிவெடுக்க வேண்டும் என்பதும் அதே ஐ.நா. நெறிகளில் இருக்கிறது. மூன்றாவது தவணை வராததைத் தெரிவித்த எனக்கோ ஆறு வாரங்களுக்குப் பிறகே பதில் வந்தது. நான்காவது தவணை நாள் தவறாமல் வந்துசேர்ந்ததும் கோப்பை மூடிவிட்டதாகக் கடிதம் அனுப்பினார்கள். மூன்றாவது இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது.