இரண்டு படுக்கையறை வில்லா: ஒரு வாசலா, இரண்டு வாசலா?

அமெரிக்காவின் ஒர்லாண்டோவில் எட்டுப் பேர் ஐந்து இரவு சேர்ந்து தங்குவது என்று முடிவானதும் தேதி, விடுதி, வாடகை எல்லாம் ஒரே மாலையில் தீர்ந்துவிட்டன. இரண்டு வாரம் இழுத்தடித்தது ஒரே ஒரு கேள்விதான்: டெடிகேட்டடா, லாக்-ஆஃபா?

பாயின்ட் வாங்கிவைத்த உறுப்பினர்கள் அதைச் செலவழித்துத் தங்கும் டிஸ்னி வெகேஷன் கிளப்பின் பல விடுதிகளில் இரண்டு படுக்கையறை வில்லா இப்படி இரு விதமாகக் கிடைக்கும். டெடிகேட்டட் என்பது பிரிக்க முடியாத வீடு. வாசல் ஒன்று, கூடம் ஒன்று, கூடத்திலிருந்து இரண்டு அறைகளுக்கும் வழி. லாக்-ஆஃப் என்பது ஒரு படுக்கையறை வில்லாவும் பக்கத்து ஸ்டூடியோவும் (அதாவது ஒற்றை அறையும்) உள்கதவால் ஒட்டிக்கொண்டது. ஸ்டூடியோவுக்கு நடைவழியில் தனி வாசல், உள்ளே தன் பங்குக்கு ஒரு குட்டிச் சமையல் மேடை. உள்கதவைப் பூட்டிவிட்டால் இரண்டையும் வெவ்வேறு குடும்பங்களுக்குக் கொடுக்கலாம். பெயர் வந்ததே அந்தப் பூட்டினால்தான்.

முழுச் சமையலறை, துணி துவைக்கும் இயந்திரம், உலர்த்தி ஆகியவை இரண்டிலும் உண்டு. ஒரே விடுதி, ஜன்னலுக்கு வெளியே ஒரே காட்சி, ஒரே நாள் என்றால் பாயின்ட் கணக்கிலும் வித்தியாசமில்லை. குளியலறை எண்ணிக்கை விடுதியைப் பொறுத்தது. 2009இல் திறந்த கிடானி வில்லேஜிலும் பே லேக் டவரிலும் மூன்று இருக்கின்றன. எட்டுப் பேர் என்றால் மூன்று உள்ள இடத்துக்குப் போங்கள். அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

கட்டில் விஷயத்தில் டெடிகேட்டட்தான் மேல். அதன் இரண்டாவது அறையில் பெரும்பாலும் இரண்டு குயின் கட்டில்கள் இருக்கும். லாக்-ஆஃபின் ஸ்டூடியோவில் ஒரு குயின் கட்டிலும், இழுத்து விரிக்கும் சோபாக் கட்டில் ஒன்றும். சிறுவர்கள் அதில் தூங்கிவிடுவார்கள். நாற்பதைத் தாண்டியவர்களின் இடுப்பு மறுநாள் காலையில் பேசும். முதல் தடவை நாங்கள் டெடிகேட்டட் எடுத்ததற்கு இந்தக் கட்டில் கணக்குதான் காரணம். அப்பா, அம்மா ஒரு கட்டிலில், பேரப்பிள்ளைகள் இருவரும் இன்னொன்றில். மாஸ்டர் அறை தம்பிக்கும் அவன் மனைவிக்கும். எனக்கும் என் மனைவிக்கும் கூடத்துச் சோபா. தாளில் எழுதிப் பார்த்தபோது பிசிறே இல்லை.

தாளில் எழுதாமல் விட்டது அப்பாவின் உடல் கடிகாரத்தை. கோடையில் ஒர்லாண்டோவுக்கும் இந்தியாவுக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். திருநெல்வேலியிலிருந்து வந்து நான்கு நாள்கூட ஆகாத மனிதருக்கு விடிகாலை மூன்று மணி என்பது பட்டப்பகல். எழுந்தார். காப்பி வேண்டும். சமையலறை கூடத்தை ஒட்டியிருக்கிறது. கூடத்தில் நாங்கள் படுத்திருக்கிறோம். விளக்கைப் போடாமல் பாத்திரத்தைத் தேடினார். இருட்டில் ஒரு டம்ளர் விழுந்து உருளும் சத்தம் எத்தனை நேரம் நீடிக்கும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். மறுநாள் அவர் காப்பிக்காக எழுந்து வரவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாகிவிட்டது. அறைக்குள்ளேயே, தூங்கும் பேரப்பிள்ளைகளுக்கு நடுவில், ஆறு மணிவரை சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறார். இரவில் நிலைமை தலைகீழ். வாண வேடிக்கை பார்த்துவிட்டுப் பதினொரு மணிக்கு மேல் திரும்பும் நாங்கள், ஒன்பது மணிக்கே படுத்தவர்களின் அறை வாசலில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தோம்.

டெடிகேட்டட் வீட்டில் கூடம்தான் நாற்சந்தி. யார் எங்கே போனாலும் அதைக் கடந்துதான் போக வேண்டும். அங்கே எவரும் படுக்கவில்லை என்றால் பிரச்சினையே இல்லை. ஆறு பேர் வரை அப்படிச் சமாளித்துவிடலாம். ஏழாவது ஆள் வந்ததும் கூடம் படுக்கையறையாகிவிடுகிறது. படுக்கையறைக்கு நடுவே ஊர் நடமாடுகிறது. அந்தச் சோபாவில் படுத்தவன் நான் என்பதால் என் தீர்ப்பு ஒருதலைப்பட்சமானது என்று தம்பி சொல்கிறான். இருக்கட்டும்.

அடுத்த தடவை கிடானியில் லாக்-ஆஃப் எடுத்தோம். ஸ்டூடியோவில் அப்பா, அம்மா, சோபாக் கட்டிலில் மகன். மகள் எங்களோடு கூடத்தில், சாய்வு நாற்காலியை விரித்த படுக்கையில். ஸ்டூடியோவின் மேடையில் அடுப்பு கிடையாது. மைக்ரோவேவ், காப்பி இயந்திரம், சிறிய குளிர்பெட்டி, கை கழுவும் தொட்டி, அவ்வளவுதான். போதும். ஊரிலிருந்து அம்மா பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த ஃபில்டரில் இரவே பொடி போட்டு, இயந்திரத்தில் வந்த வெந்நீரை ஊற்றி வைத்துவிடுவார். விடிகாலையில் பால் மட்டும் மைக்ரோவேவில். காப்பி முடிந்ததும் இருவரும் தங்கள் வாசல் வழியே நடைக்குக் கிளம்பிவிடுவார்கள். கிடானியின் நடைவழிகள் மிக நீளமானவை. மற்றவர்களுக்கு அது குறை, அப்பாவுக்கு அது காலை நடை. பொழுது விடிந்ததும், விடுதியை ஒட்டி விலங்குகள் மேயும் புல்வெளியில் ஒட்டகச்சிவிங்கி. நாங்கள் எழுந்தபோது அவர் இரண்டாம் காப்பியில் இருந்தார். எதுவும் எங்கள் காதில் விழவில்லை. (அங்கேயே இருக்கும் சனா உணவகத்தில் நான் ரொட்டியோடு ஒன்பது வகைத் தொட்டுகைகள் தருவார்கள். அம்மா பூண்டு ஊறுகாயைத் தவிர வேறெதையும் மதிக்கவில்லை.)

லாக்-ஆஃபிலும் தொல்லை உண்டு. உள்கதவு சத்தத்தை முழுதாகத் தடுப்பதில்லை; தொலைக்காட்சியைக் கொஞ்சம் தணித்துத்தான் வைக்க வேண்டும். நடைவழிக்குத் திறக்கும் வாசல் இரண்டு என்பதால் இரவில் இரண்டையும் பூட்டியாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். கதவைத் திறந்துகொண்டு ஓடும் வயதுக் குழந்தையோடு நான் இதில் தங்கியதில்லை. அப்படி ஒரு குழந்தை இருந்தால் ஒரு வாசல் வீடே நிம்மதி என்று தோன்றுகிறது. இரண்டாவது அறையில் வளர்ந்தவர்கள் நான்கு பேர் படுக்க வேண்டும் என்றாலும் டெடிகேட்டட்தான்.

வாடகைக்கு அல்லாமல் சொந்தமாக வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாயின்ட் முறையில் இந்த வித்தியாசம் பெரிதல்ல, வடிவத்தைப் பதிவின்போதுதான் தேர்ந்தெடுக்கிறோம். மேரியட் போன்றவை முன்பு வாரக் கணக்கில் விற்ற வீடுகளில் லாக்-ஆஃபுக்குத் தனி மதிப்பு உண்டு. ஒரு பாதியில் தங்கிவிட்டு மறு பாதியை இன்டர்வெல் இன்டர்நேஷனல் என்ற பரிமாற்ற நிறுவனம் வழியாக வேறு ஊருக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒரு வாரம் இரண்டு வாரமாகிறது. வாங்கும் அளவுக்கு நான் போகவில்லை என்பதால் இதற்கு மேல் வழக்காட மாட்டேன்.

பதிவில்தான் அவசரம் காட்ட வேண்டும். டிஸ்னியில் தன் சொந்த விடுதிக்கு, அதாவது பாயின்ட் வாங்கிய விடுதிக்கு, உறுப்பினர் 11 மாதம் முன்பும், மற்ற விடுதிகளுக்கு 7 மாதம் முன்பும் பதியலாம். குறைந்த பாயின்ட் என்பதால் ஸ்டூடியோக்கள் முதலில் பறந்துவிடும். ஒரு ஸ்டூடியோ போனால் அதோடு சேர்ந்த லாக்-ஆஃபும் போயிற்று. எனவே பாயின்ட்டை வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் அந்த விடுதியையே சொந்த விடுதியாகக் கொண்ட உறுப்பினரைப் பிடியுங்கள். ஸ்டூடியோவையும் ஒரு படுக்கையறை வில்லாவையும் தனித்தனியாகப் பதிந்து ஒட்டவைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். பாயின்ட் கூடும், இரண்டும் அடுத்தடுத்துக் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை.

கடைசியில் டெடிகேட்டட்தான் மிச்சம் என்றால் அதையே எடுங்கள். மாஸ்டர் அறையைப் பெரியவர்களுக்குக் கொடுங்கள். வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்வார்கள். மூன்றாம் தடவை கேட்காமல் பெட்டியை உள்ளே வைத்துவிட்டு, கூடவே ஒரு மின்கெண்டியும் இரண்டு டம்ளரும் வைத்துவிடுங்கள்.