வில்லுக்குறி வழியா, கருங்கல் வழியா?

நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் போக இரண்டு வழி உண்டு. வில்லுக்குறி, தக்கலை என்று நேராகப் போகும் பெரிய ரோடு ஒன்று. திங்கள்நகர், கருங்கல் என்று சுற்றிக்கொண்டு போவது இன்னொன்று. பதினான்கு மாதம் நான் வேலைக்குப் போனது சுற்று வழியில். ஊரில் யாரும் காரணம் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியும்.

ஒரு மழை ராத்திரி, அண்ணன் ஓட்டிய பைக்கில் நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். வில்லுக்குறிப் பக்கம் எதிரே ஒரு லாரி. எனக்குக் கால் எலும்பு முறிந்தது. அண்ணன் போய்விட்டார்.

கால் ஆறு மாதத்தில் கூடிவிட்டது. மற்றது கூடவில்லை. கண்ணை மூடினால் லாரி வெளிச்சம், மழை தூறினால் டீசல் வாசம், பின்னால் யாராவது ஹாரன் அடித்தால் உள்ளங்கை நனைந்துவிடும். அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் (PTSD) என்று இதற்குப் பெயர். ஆளாளுக்கு ஒரு வழி சொன்னார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் காலை நனைத்துப் பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: பயிற்சி பெற்ற ஒருவரிடம் வாரம் ஒருமுறை போய், நடந்ததையே திரும்பத் திரும்பச் சொல்லும் சிகிச்சைதான் எனக்குக் கேட்டது.

குடியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. படுத்ததும் தூக்கம் வரும். இரண்டு மணிக்கு முழிப்பு வரும். அதற்குப் பிறகு வரும் கனவு முன்னைவிட மோசமாக இருக்கும். போதை இறங்கும் பின்ராத்திரியில் தூக்கம் கலைவதுதான் அதன் இயல்பு. மூன்று வாரத்தில் அளவு கூடியதை அம்மா கண்டுபிடித்துவிட்டார்.

"விடு மக்கா, அதையே நினைச்சிட்டு இருக்காதே" என்பது நம் ஊரின் பொது மருந்து. சொல்பவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். நானும் நினைக்காமல் இருக்கத்தான் அந்தக் கருங்கல் ரோட்டைப் பிடித்தேன். பைக் பின்சீட்டில் ஏறுவதை விட்டேன். மழை நாளில் லீவு போட்டேன். அண்ணன் படம் மாட்டியிருந்த முன்னறையில் உட்காருவதையும், கடைசியில் மைனி (அண்ணனின் மனைவி) வீட்டுக்குப் போவதையும் நிறுத்தினேன். விட்டது ஒவ்வொன்றும் அன்றைக்கு நிம்மதி தந்தது என்பது உண்மை. சிக்கலும் அங்கேதான். தவிர்த்ததால் தப்பித்தோம் என்று மனசு கணக்கு எழுதிக்கொள்கிறது, அடுத்த முறை இன்னும் தள்ளி நிற்கச் சொல்கிறது. பயம் பொய்யாகிப் போவதைப் பார்க்க அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை.

அம்மா மூன்று நாள் தங்கி ஜெபிக்கும் தியானத்துக்குக் கூட்டிப்போனார். இதை நான் இளக்காரமாகச் சொல்லமாட்டேன். அங்கே இரண்டு ராத்திரி தூங்கினேன். பக்கத்துப் பாயில் படுத்திருந்த பெரியவர் மகனைக் கடலில் இழந்தவர். ஒரு வார்த்தை பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துக்கத்தில் நம்மோடு ஆள் இருப்பது பெரிய பலம், அதை எந்த மருத்துவரும் மறுக்கமாட்டார். ஆனால் வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் மழை பெய்தது, டீசல் வாசமும் வந்தது. திரும்பவும் போகலாம் என்றார் அம்மா. எத்தனை முறை போவது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மாத்திரையில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்கவேண்டும். அல்பிரசோலம், டயஸெபாம் போன்றவை உடனே அமர்த்தும். நாள்பட்டால் பழக்கமாகிவிடும், இந்த நோய்க்கு அவற்றைப் பரிந்துரைப்பதும் இல்லை. செர்ட்ராலின் மாதிரியானவை வேறு ரகம். வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், நாமாக நிறுத்தக்கூடாது, பலருக்கு நன்றாகக் கேட்கிறது. நான் இதை நாலு மாதம்தான், சிகிச்சையோடு சேர்த்துச் சாப்பிட்டேன். மாத்திரை மட்டும் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு என் அனுபவம் பதில் சொல்லாது.

சரி, சிகிச்சைக்கு வருவோம். நான் போனது திருவனந்தபுரத்தில் ஒரு பெண் உளவியலாளரிடம். மலையாளம் கலந்த தமிழ் பேசுவார்; ஞாபகத்தை 'ஓர்மை' என்று நான் சொன்னால் அவருக்கு விளங்கும், நமக்கு அது போதுமே. மொத்தம் பன்னிரண்டு அமர்வு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் என்று முதல் நாளே சொன்னார். உலக சுகாதார நிறுவனம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அதிர்ச்சியை மையமாகக் கொண்ட பேச்சுச் சிகிச்சையைப் பரிந்துரைத்திருக்கிறது. கண்ணை இடவலமாக அசைத்துக்கொண்டே நினைவை எடுத்துப் பார்க்கும் இன்னொரு முறையும் அதில் இருக்கிறது. அதை நான் செய்துகொண்டதில்லை.

கண்ணை மூடிக்கொண்டு அந்த ராத்திரியை இப்போது நடப்பதுபோல் சொல்லவேண்டும். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. பதற்றம் எவ்வளவு என்று 0 முதல் 100 வரை மதிப்பெண் கேட்பார். முதல் தடவை 95 சொன்னேன். சொன்னதெல்லாம் என் மொபைலிலேயே பதிவாகும். வீட்டில் தினமும் கேட்கவேண்டும். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஹெட்செட்டோடு உட்கார்ந்து கேட்பேன். என் குரலை நானே கேட்பதைவிடக் கொடுமை வேறு இல்லை என்று அப்போது நினைத்தேன்.

நாலாவது அமர்வில் அவர் பதிவை நிறுத்தி ஒன்று கேட்டார். "தக்கலை வந்தோம், அப்புறம் வில்லுக்குறி வந்துட்டோம்னு ஒவ்வொரு தடவையும் சொல்றீங்க. அந்த அப்புறத்துக்குள்ள என்ன இருக்கு?"

அதற்குள் ஒரு சாயா இருந்தது. தக்கலையில் அண்ணன் வண்டியை மெதுவாக்கி, "ஒரு சாயா குடிச்சிட்டுப் போவமா?" என்றார். "வேண்டாம், வீட்டுக்குப் போயிருவோம், மழை கனக்குது" என்றேன் நான். அவ்வளவுதான். பத்து நிமிடம் அங்கே நின்றிருந்தால் அந்த லாரி எங்களைத் தாண்டிப் போயிருக்கும். இதை நான் அம்மாவிடமோ மைனியிடமோ தியானத்திலோ சொன்னதில்லை. உளவியலாளர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அந்த இடத்தை மட்டும் மெதுவாக, ஆறேழு முறை சொல்ல வைத்தார். எத்தனையாவது தடவை என்று ஞாபகம் இல்லை. மழை கனத்தால் யாரும் அப்படித்தானே சொல்வார்கள் என்று என் வாயிலேயே வந்தது. அன்றைக்கு மதிப்பெண் 60.

கூடவே நான் தவிர்த்தவற்றை வரிசை போட்டு, எளியதிலிருந்து செய்யச் சொன்னார். பகலில் தக்கலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருவது முதலில். பிறகு அதே பஸ்ஸில் இருட்டிய பிறகு. பிறகு ஒரு நண்பனின் பின்சீட்டு. கடைசியாக, அந்த இடத்தில் அரை மணி நேரம் நிற்பது. ஓரமாக ஒரு தென்னை நின்றது. அது அங்கே இருந்ததே எனக்குத் தெரியாது.

என் தீர்ப்பை முடிவுசெய்தது பராமரிப்புச் செலவு. வண்டி வாங்கும்போது விலையைவிட மாதாமாதம் என்ன கேட்கும் என்று பார்ப்போமில்லையா, அது மாதிரி. சுற்று வழிக்குப் போக அரை மணி, வர அரை மணி, தினம் ஒரு மணி நேரம் கூடுதல். மாதம் 25 நாள், 14 மாதம் என்றால் 350 மணி நேரம், பெட்ரோல் தனி. இத்தனைக்கும் அந்தக் கணக்கு முடிகிற கணக்கு இல்லை, சாகும்வரை ஓடும். குடி மாதாமாதம் கூடுதலாகக் கேட்கும். தியானம் மறுபடி மறுபடி போகச் சொல்லும். சிகிச்சைக்கு அமர்வுகள் 18 மணி நேரம், ரயிலில் ஒரு 36, மாடியில் பதிவு கேட்டது ஒரு 45. எல்லாம் கூட்டினாலும் நூறைத் தொடவில்லை. பணம் பன்னிரண்டாயிரத்துக்குச் சற்று மேல். அதோடு முடிந்தது. நான் பார்த்தவற்றில் முடிகிற தேதி குறித்துக் கொடுத்தது இது ஒன்றுதான்.

குறை இல்லாமல் இல்லை. முதல் மூன்று வாரம் கனவு கூடியது. பாதியில் விட்டுவிடலாம் என்று இரண்டு முறை ரயிலைத் தவறவிட்டேன். எல்லோருக்கும் இது தேவையும் இல்லை. பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு முதல் சில வாரங்களில் பலர் தாமாகவே தேறிவிடுகிறார்கள். ஒரு மாதம் தாண்டியும் விடாவிட்டால்தான் யோசிக்கவேண்டும். சம்பவம் நடந்த மறுநாளே ஒருவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல் என்று கிண்டுவது நல்லதல்ல. அப்போது சோறு, தூக்கம், கூட ஒரு ஆள் போதும்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது சின்னத்துறை, தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பவில்லை, பலருடைய உடலும் கிடைக்கவில்லை. எனக்கு ஒரு இடம் இருந்தது, ஒரு தென்னை இருந்தது, போய் நிற்க முடிந்தது. கரையில் காத்திருந்தவர்களுக்கு நிற்க இடம் ஏது? அவர்களுக்கும் என் வழி அப்படியே பொருந்தும் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

பணமோ ரயிலோ தடையாக இருந்தால், ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. இலவசம், ராத்திரியும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். செத்துவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் இந்த ஒப்பீடெல்லாம் அப்புறம், முதலில் அந்த எண்ணுக்குப் போடுங்கள், பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லுங்கள். தனியாரிடம் போவதென்றால் முதல் நாளே கேளுங்கள்: இந்த மாதிரி சிகிச்சைக்குப் பயிற்சி உண்டா, எத்தனை அமர்வு, எப்போது முடியும்? மழுப்பினால் எழுந்து வந்துவிடலாம்.

இப்போது நான் வில்லுக்குறி வழியாகத்தான் போகிறேன். மழை நாளில் இன்னும் 20 இருக்கும். மைனி வீட்டுக்கும் போனேன், சாயா விஷயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு சாப்பிடச் சொன்னார். அம்மா மட்டும் இன்றுவரை தியானம்தான் என்னைக் குணமாக்கியது என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் திருத்தவில்லை.