ஆடு திருடியவரின் ஊரைத் தேடி: அயர்லாந்து முன்னோர் ஆய்வில் எட்டு ஆண்டுகள்

சிட்னியில் பிறந்து வளர்ந்த என் மாமியார், தம் தாத்தாவின் தாத்தா அயர்லாந்திலிருந்து நிலம் வாங்கிப் பயிர் செய்ய வந்தவர் என்று சொல்லிக்கொண்டிருந்தார். 2017இல் அவருடைய எழுபத்தைந்தாம் பிறந்த நாளுக்கு அந்த மனிதரின் ஊர்ப் பெயரைத் தேடிக் கொடுக்கலாம் என்று நானும் என் கணவரும் எண்ணினோம். இரண்டு மாதத்தில் முடியும் என்று நினைத்த வேலை எட்டு ஆண்டுகளாகியும் முடியவில்லை. அவர் நிலம் வாங்க வரவில்லை. ஆடு திருடிய குற்றத்துக்கு ஏழாண்டு நாடுகடத்தல் தண்டனை பெற்று, 1837இல் கைதிக் கப்பலில் சிட்னிக்கு வந்தவர். இந்தத் தேடலில் நான் பயன்படுத்திய ஆவணங்களும் இணையதளங்களும் எனக்கு எந்த அளவுக்குப் பயன்பட்டன என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் தவறு. நான் அயர்லாந்திலிருந்து தொடங்கினேன். கட்டணத் தளம் ஒன்றில் ஆண்டுச் சந்தா கட்டி, எங்கள் குடும்பப் பெயரைத் தட்டச்சு செய்தபோது, யாரோ ஒருவர் ஏற்கெனவே வரைந்து வைத்திருந்த வம்ச மரத்தில் அதே பெயர், ஏறத்தாழ அதே வயது, அதே டிப்பெரரி கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) ஆகிய மூன்றும் பொருந்தி வந்தன. எட்டு மாதங்கள் அந்தக் குடும்பத்தின் பின்னாலேயே போனேன். பிறகுதான், அந்த மனிதர் 1860களிலும் அயர்லாந்திலேயே பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது தெரிந்தது. டிப்பெரரியில் அந்தப் பெயர் கொண்டவர்கள் தெருவுக்கு நால்வர் இருந்திருப்பார்கள். சந்தாவோ அடுத்த ஆண்டுக்கும் தானாகவே புதுப்பிக்கப்பட்டு, வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தது. பிறர் வரைந்த மரங்களை நான் இப்போது துப்பாக மட்டுமே கொள்கிறேன், சான்றாகக் கொள்வதில்லை.

தேடலை ஆஸ்திரேலியாவிலிருந்து, அதுவும் இறப்புச் சான்றிதழிலிருந்து தொடங்க வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் 1856 மார்ச் முதல் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவை அரசால் பதிவு செய்யப்படுகின்றன. அக்காலத்து இறப்புப் பதிவில் இறந்தவரின் பெற்றோர் பெயர், பிறந்த இடம், திருமணம் நடந்த ஊர், பிள்ளைகளின் பெயரும் வயதும், குடியேற்ற நாட்டில் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தார் என்பது வரை கேட்டு எழுதியிருக்கிறார்கள். நான் செலவழித்த பணத்தில் முழுப் பயன் தந்தது இந்த ஒரு தாள்தான். ஆனால் விவரம் சொல்பவர் இறந்தவர் அல்லர் என்பதை மறக்கக் கூடாது. 1879இல் யாஸ் நகருக்கு அருகே இறந்த எங்கள் மனிதருக்கு விவரம் சொன்னவர் அவருடைய மகன். பெற்றோர் பெயருக்கு எதிரே ‘தெரியாது’ என்று இருந்தது. குடியேற்ற நாட்டில் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தார் என்ற இடம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. அந்த வெற்றிடம்தான் எனக்கு முதல் ஐயத்தைத் தந்தது. வந்த ஆண்டைச் சொன்னால் எப்படி வந்தார் என்பதும் தெரிந்துவிடும் என்று மகன் அஞ்சியிருக்கலாம். கைதியின் வழித்தோன்றல் என்பதைப் பல குடும்பங்கள் மறைத்து வாழ்ந்த காலம் அது.

அங்கிருந்து நியூ சவுத் வேல்ஸ் மாநில ஆவணக் காப்பகத்தின் கைதிகள் அட்டவணைக்குப் போனேன். அட்டவணையைத் தேடக் கட்டணம் இல்லை. கப்பல் வந்து சேர்ந்ததும் எழுதப்பட்ட, ‘இண்டென்ட்’ எனப்படும் கைதிப் பட்டியல்கள் 1830களில் மிக விரிவானவை. உயரம், கண்ணின் நிறம், முடியின் நிறம், அம்மைத் தழும்பு, தழும்புகள் உடலில் எங்கெங்கே இருக்கின்றன, எழுதப் படிக்கத் தெரியுமா, என்ன தொழில், என்ன குற்றம், எங்கே எப்போது விசாரணை, முன்தண்டனை உண்டா என அத்தனையும் ஒரே வரியில் இருக்கும். எங்கள் மனிதர் ஐந்தடி நான்கங்குல உயரம், இடப் புருவத்தின் மேல் வெட்டுத் தழும்பு, உழவும் ஆடு மேய்க்கவும் தெரிந்தவர், படிப்பறிவு இல்லை. தண்டனை முடிந்ததும் 1840களில் வழங்கப்பட்ட விடுதலைச் சான்றிலும் அதே தழும்பு எழுதப்பட்டிருந்தது. அவர் பெயரிலேயே இன்னும் இருவர் அந்தக் காலத்தில் அங்கே இருந்தார்கள். அவர்களிடமிருந்து இவரைப் பிரித்துக் காட்டியது அந்தத் தழும்பு ஒன்றுதான்.

இண்டென்ட் வரியில் இன்னொன்றும் இருந்தது: மணமானவர், ஓர் ஆண் குழந்தை. நான் அதை முதலில் கவனிக்கவில்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அயர்லாந்துத் தேசிய ஆவணக் காப்பகம், நாடுகடத்தப்பட்டவர்களுக்கென்று ஒரு தரவுத்தளத்தைக் கட்டணமின்றித் தருகிறது. 1988இல் ஆஸ்திரேலியா ஐரோப்பியக் குடியேற்றத்தின் இருநூற்றாண்டைக் கொண்டாடியபோது அயர்லாந்து அரசு நினைவுப் பரிசாக அளித்த ஆவண நுண்படங்களே (மைக்ரோஃபிலிம்) அதற்கு அடிப்படை. இதில் ஒரு குறை உண்டு. அது தளத்தின் குறையன்று. 1922 ஜூன் மாதம் உள்நாட்டுப் போரில் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்திலிருந்த பொது ஆவண அலுவலகம் எரிந்தபோது, 1836க்கு முந்தைய நாடுகடத்தல் பதிவேடுகளும் போயின. அக்காலத்துக்குக் கைதிகள் அனுப்பிய கருணை மனுக்களை மட்டுமே நம்ப வேண்டியிருக்கிறது. எங்கள் மனிதருக்கு டிப்பெரரியிலுள்ள குளோன்மெல்லில் தீர்ப்பு வழங்கப்பட்டது 1836இல் என்பதால் பதிவேட்டில் இருந்தார். ஓராண்டு முன்னதாக அகப்பட்டிருந்தால் அந்த வரியும் எங்களுக்குக் கிடைத்திராது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் பெரும்பகுதியும் அதே தீயில்தான் அழிந்தது. அதற்குப் பிந்தைய நான்கை அரசே அழித்துவிட்டது. முழுமையாக எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையது 1901ஆம் ஆண்டினுடையது. எரிந்தவற்றின் படிகளை உலகெங்கும் தேடித் திரட்டும் மெய்நிகர் ஆவணக் களஞ்சியம் ஒன்று 2022இல் திறக்கப்பட்டது. எங்கள் தேடலுக்கு அதில் இதுவரை ஒன்றும் அகப்படவில்லை என்றாலும் ஆறு மாதத்துக்கொரு முறை பார்த்துவிடுகிறேன்.

அவர் 1851இல் யாஸில் மணந்த பெண்ணின் கதை வேறு. 1840களில் வந்த பெரும் பஞ்சத்தின்போது அயர்லாந்து ஏழை விடுதிகளில் இருந்த அநாதைப் பெண்களை, ஏர்ல் கிரே திட்டத்தின் கீழ், 1848 முதல் 1850 வரை நாலாயிரத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். இவர் கிளேர் கவுண்டியைச் சேர்ந்தவர். 1850 பிப்ரவரியில் தாமஸ் ஆர்புத்நாட் என்ற கப்பலில் வந்தவர். முன்பு ஆண் கைதிகளை அடைத்த, சிட்னியின் ஹைட் பார்க் பாரக்ஸ் கட்டடத்தில்தான் இந்தப் பெண்களைத் தங்கவைத்தார்கள். அந்தக் கப்பலின் மருத்துவர் சார்லஸ் ஸ்ட்ரட், பெண்களை வண்டிகளில் ஏற்றி, யாஸ் வரை தாமே உடன் சென்று வேலைக்குச் சேர்த்துவிட்டார். குடியேற்ற வாரியத்தின் பட்டியலில் அந்தப் பெண்ணின் பெற்றோர் பெயரும், இருவரும் இறந்துவிட்டார்கள் என்பதும், சொந்த ஊரும் இருக்கின்றன. அவருடைய கண் என்ன நிறம் என்பதை மட்டும் எவரும் எழுதவில்லை. கைதிக்கோ உடல் முழுதும் எழுதப்பட்டிருக்கிறது. தாய் தகப்பன் பெயர் இல்லை. ஓடிப்போனால் பிடிப்பதற்கு எழுதிய பட்டியல் ஒன்று, உறவினர் உண்டா என்று அறிவதற்கு எழுதிய பட்டியல் மற்றொன்று. ஓர் ஆவணத்தை எதற்காக எழுதினார்கள் என்று கேட்டுக்கொண்டால் அதில் எது கிடைக்கும், எது கிடைக்காது என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. இதை நான் கற்றுக்கொள்ள மூன்று ஆண்டுகள் ஆயின.

ஆஸ்திரேலியத் தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தை வாரம் ஒரு முறையாவது திறக்காமல் இருந்ததில்லை. பழைய செய்தித்தாள்களும் நியூ சவுத் வேல்ஸ் அரசிதழும் அங்கே கட்டணமின்றிக் கிடைக்கின்றன. எங்கள் மனிதர் 1839இல் தம் எசமானரிடமிருந்து ஓடிப்போனதை அரசிதழின் தப்பியோடியோர் பட்டியலிலும், முப்பது ஆண்டுகள் கழித்துப் பன்றியைத் தெருவில் திரியவிட்டு அபராதம் கட்டியதை உள்ளூர்ச் செய்தித்தாளிலும் கண்டேன். மங்கிய அச்சைக் கணினி தாறுமாறாகப் படித்து வைத்திருக்கும். ஆகையால் பெயரை ஐந்தாறு விதமாக எழுத்துக்கூட்டித் தேட வேண்டும். படிப்பவர்களே பிழையைத் திருத்தவும் தளம் இடமளிக்கிறது.

மரபணுப் பரிசோதனையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். என் கணவரைவிட ஒரு தலைமுறை நெருக்கமானவர் என்பதால் மாமியாரின் உமிழ்நீரையே அனுப்பினோம். குடும்பத்தில் மூத்தவரைப் பரிசோதிப்பதே சரி. ஆயிரக்கணக்கான தூரத்து உறவினர் பட்டியல் வந்தது. எழுதிய மடல்களில் பத்துக்கு இரண்டுக்குப் பதில் வந்தது. யாஸ் குடும்பம் உறுதிப்பட்டது. அதற்கு முந்தியது எதுவும் தெரியவரவில்லை.

அயர்லாந்துத் தேசிய நூலகம் 2015இல் இணையத்தில் ஏற்றிய கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளில்தான் (பங்கு என்பது ஒரு கோயிலுக்கு உட்பட்ட வட்டாரம்) என் மாலைகள் அதிகம் கழிந்தன. நூலகத்தின் தளத்தில் பெயரைக் கொண்டு தேட முடியாது. பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். சில பங்குகளில் லத்தீனில் எழுதியிருப்பதால் ஜேம்ஸ் ஜகோபுஸ் ஆகிவிடுகிறார், வில்லியம் குலியெல்முஸ் ஆகிவிடுகிறார். தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த எனக்கு ஞானத்தகப்பன், ஞானத்தாய் என்ற கட்டங்கள் பழக்கமானவையே. மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தாவின் பெயரை இடும் அயர்லாந்து வழக்கமும் அப்படித்தான். பெயரனைப் பேரன் என்று சொல்லும் மொழியில் பிறந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. நாட்டுப்புறப் பங்குகள் பலவற்றில் பதிவேடுகள் 1820களில்தான் தொடங்குகின்றன. எங்கள் மனிதர் பிறந்தது ஏறத்தாழ 1812இல். அவருடைய ஞானஸ்நானம் கிடைக்கப்போவதில்லை.

ஆனால் அவருடைய மகனுடையது கிடைத்தது. இண்டென்ட்டில் கண்ட அந்த ஆண் குழந்தை, 1835இல், டிப்பெரரிப் பங்கு ஒன்றில், தாயின் பெயரோடும் ‘டவுன்லேண்ட்’ எனப்படும் சிற்றூர்ப் பெயரோடும் பதிவாகியிருக்கிறது. பதினாறு ஆண்டுகள் கழித்து யாஸில் தம்மை மணமாகாதவர் என்று சொல்லி மணந்துகொண்டார் அந்தத் தந்தை. குடும்பமே அந்த இரண்டாம் மணத்திலிருந்து வந்தது.

ஊர்ப் பெயரைக் கொடுக்கத்தானே தொடங்கினோம், கொடுத்துவிட்டோம். மாமியார் திருட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணும் பையனும் பஞ்சத்தில் பிழைத்தார்களா என்று மட்டும் கேட்டார். நிலத்துக்கும் வீட்டுக்கும் வரி மதிப்பிடக் குடித்தனக்காரர் பெயரை எழுதிய கிரிஃபித் மதிப்பீட்டுப் பட்டியலில், அந்தச் சிற்றூரில் அந்தப் பெயரில் யாரும் இல்லை. இறந்திருக்கலாம், ஏழை விடுதிக்குப் போயிருக்கலாம், அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியிருக்கலாம், உறவினர் வீட்டில் ஒண்டியிருக்கலாம். ஞாயிறுதோறும் நாங்கள் போகும்போது ஏதாவது கிடைத்ததா என்று கேட்கிறார். இப்போது பக்கத்துப் பங்கின் பதிவேட்டை 1846ஆம் ஆண்டுவரை புரட்டியிருக்கிறேன்.